புகைபோக்கியிலிருந்து படுக்கையறை வரை

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டியதும் கிழக்கே புகைபோக்கிகள் எழும்பத் தொடங்கும். வட சென்னை அனல் மின் நிலையம், அதையடுத்து வல்லூர். முதலாவதில் 210 மெகாவாட் யூனிட் மூன்று, 600 மெகாவாட் இரண்டு, 2024 மார்ச்சில் தொடங்கிவைத்த 800 மெகாவாட் ஒன்று. வல்லூரில் 500 மெகாவாட் மூன்று. கூட்டிப் பார்த்தால் 4,130 மெகாவாட். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் புகைதான் தெரியும். அந்தப் புகை புகைபோக்கிக்குள் நுழையும் முன் கடந்து வருகிற ஒரு சக்கரம் தெரியாது.

ஆலைக்குள் அதை ‘ஏபிஎச்’ என்பார்கள். ஏர் ப்ரீஹீட்டர். பாய்லரை விட்டு வரும் புகை சுமார் 350 டிகிரி சூட்டோடு வருகிறது. நெளித்த மெல்லிய இரும்புத் தகடுகளைப் பாஸ்கெட் பாஸ்கெட்டாக அடுக்கிச் செய்த இந்தப் பெரிய சக்கரம், நிமிடத்துக்கு ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ என்ற நிதானத்தில், பாதி உடலைப் புகையிலும் பாதி உடலை வெளிக்காற்றிலும் வைத்துக்கொண்டு சுற்றுகிறது. புகைப்பக்கம் இருக்கும்போது தகடு சூடேறும். அந்தச் சூட்டைக் காற்றுப்பக்கம் வந்ததும் பாய்லருக்குள் போகவிருக்கும் காற்றிடம் கொடுத்துவிடும். புகை 140 டிகிரியளவுக்குத் தணிந்து வெளியேறும். புகையின் சூட்டில் 22 டிகிரி குறைந்தால் பாய்லரின் திறன் ஒரு சதவீதம் கூடும் என்பது இத்துறையினர் கைக்கணக்கு. அப்படியானால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நிலக்கரியை மிச்சம் பிடிப்பது இந்தச் சக்கரம்தான்.

இருநூறு வயதைத் தாண்டிய ஒரு வம்சத்தில் பிறந்தது இது. வம்சத்தின் இளைய பிள்ளை காகிதத்தால் ஆனது. அடுக்குமாடி வீட்டில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அடங்கிவிடும் அளவு. வீட்டைவிட்டு வெளியேறும் காற்றிடமிருந்து வெப்பத்தையோ குளிர்ச்சியையோ பிடித்து, உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுப்பது அதன் தொழில். குளிர்நாடுகளில் அது வீட்டுச் சாமானாகிப் பல வருஷம் ஆகிறது. இந்த ஆலைகள் நிற்கும் திருவள்ளூர் மாவட்டத்திலோ இந்த வம்சம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது.

1816-ல் ஸ்காட்லாந்தில் ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற இளம் பாதிரியார் ஒரு காப்புரிமை எடுத்தார். தேவாலயப் பணியில் அவர் சேர்ந்ததும் அதே வருஷம்தான். இன்று அவர் பெயரால் நினைக்கப்படுவது ‘ஸ்டிர்லிங் எஞ்சின்’. ஆனால் அந்தக் காப்புரிமையில் எஞ்சினைவிட முக்கியமானது வெப்பத்தைச் சேமிக்கும் ஒரு சாதனம். சூடான காற்றை ஒரு குறுகலான வழியில் போகவிட்டால் சுவரெல்லாம் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு அதே வழியில் குளிர்ந்த காற்றை எதிர்த்திசையில் அனுப்பினால் சுவர் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். எரித்த எரிபொருளிடம் இரண்டாம் முறை வேலை வாங்குவது என்ற எண்ணம் இதுதான். எஞ்சின் பெரிதாக ஓடவில்லை. நீராவி எஞ்சின் அதை ஓரங்கட்டிவிட்டது. எண்ணம் மட்டும் வேறு வீடு தேடிப் போனது.

ஜெர்மனியில் பிறந்த சீமன்ஸ் சகோதரர்களிடம் அதற்கு இடம் கிடைத்தது. 1856-ல் ஃபிரீட்ரிக் சீமன்ஸ் அதை உலைக்குக் கொண்டுபோனார். இங்கிலாந்தில் குடியேறியிருந்த அண்ணன் வில்லியம் அதை வளர்த்தார். உலைக்கு இரு பக்கமும் செங்கல் அடுக்கிய அறைகள். ஒரு பக்க அறை வழியாகப் புகை வெளியேறிச் செங்கல்லைச் சூடாக்கும். சிறிது நேரத்தில் வால்வைத் திருப்பினால் அதே அறை வழியாகக் காற்று உள்ளே வந்து அந்தச் சூட்டை எடுத்துக்கொள்ளும். கண்ணாடித் தொழில் அதை உடனே பிடித்துக்கொண்டது. 1862-ல் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய கடைசி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு இந்த உலையைப் பற்றியதுதான். பிறகு பிரான்சின் மார்ட்டின் குடும்பத்தார் அதே உலையில் பழைய இரும்பை உருக்கி எஃகு செய்து காட்டினார்கள்.

பழைய இரும்பை உருக்கி எஃகு செய்வது என்றால் கும்மிடிப்பூண்டிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிலும் இண்டக்‌ஷன் உலைகளும் ரோலிங் மில்களும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. இன்றைய ரோலிங் மில்லில் சீமன்ஸின் செங்கல் அறை இல்லை. நன்றாக நடத்தப்படும் மில்லில் மறுசூடேற்றும் உலையின் புகைப் பாதையில் ரெக்யூபரேட்டர் என்ற குழாய்க் கூட்டம் இருக்கும். புகை குழாய்க்கு வெளியே, காற்று குழாய்க்கு உள்ளே; வால்வு திருப்பும் வேலை கிடையாது. டிஎம்டி கம்பிக்காகச் சிவக்கக் காய்ச்சும் பில்லெட் என்ற எஃகுத் துண்டின் சூட்டில் ஒரு பங்கு, ஏற்கெனவே ஒருமுறை வேலை பார்த்த சூடு. அந்தக் கம்பிதான் லாரியேறிச் சென்னைக்கும் திருவள்ளூருக்கும் போய் அடுக்குமாடிகளின் தூணுக்குள் நிற்கிறது. கட்டிடத்தின் எலும்புக்குத் தெரிந்த சிக்கனம் கட்டிடத்துக்குத் தெரியாமல் போனது கொஞ்சம் வேடிக்கைதான்.

உலையின் செங்கல் அறையைச் சக்கரமாக்கியவர் ஸ்வீடன்காரர் ஃபிரெட்ரிக் யுங்ஸ்ட்ரோம். 1920-ல் அவருடைய சக்கரம் ஓடத் தொடங்கியது. காற்றின் திசையை மாற்றுவதற்குப் பதிலாகச் சூடு பிடிக்கும் பொருளையே சுழற்றிவிட்டார். அவ்வளவுதான் மாற்றம், உலகத்தின் அனல் மின் நிலையங்களெல்லாம் அதை எடுத்துக்கொண்டன. நமக்கும் அது இறக்குமதிச் சரக்காக நிற்கவில்லை. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவிகள் ஆலை, சாம்பல் பிடிக்கும் இஎஸ்பி, பெரிய ஃபேன்கள் ஆகியவற்றோடு இந்தச் சக்கரத்தையும் செய்கிறது. ஆக, வெப்பத்தைத் திரும்பப் பிடிக்கும் கலையில் தமிழ்நாட்டுக்கு நாற்பது வருஷப் பழக்கம் உண்டு. ஷட்டவுன் நாளில் பாஸ்கெட்டுகளில் அடைத்த சாம்பலைத் தண்ணீரால் கழுவுகிற தொழிலாளிக்கு இந்தப் பொருளின் குணம், குறை இரண்டும் அத்துப்படி. குறைகளில் முக்கியமானது கசிவு. சுற்றுகிற பொருளைச் சுற்றி முழுக்க அடைக்க முடியாது. காற்று கொஞ்சம் புகைப்பக்கம் ஓடிவிடும், தகட்டிடுக்கில் தங்கிய புகை கொஞ்சம் காற்றுப்பக்கம் வந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். படுக்கையறைக் கதையில் மறுபடி வரும்.

வீட்டுக்குள் இந்த எண்ணம் நுழைந்தது குளிரால். வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே ஹீட்டர் போட்டு 20 டிகிரி என்றால், ஜன்னலைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் காசு வெளியே போகிறது. 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு குளிர்நாட்டார் வீட்டின் இடுக்கெல்லாம் அடைக்க ஆரம்பித்தார்கள். ஸ்வீடனின் 1975 கட்டிட விதிகள் அந்தத் திசையில் பெரிய அடி. கனடாவின் ரெஜைனா நகரில் 1977-ல் சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ் என்ற சோதனை வீடு எழுந்தது. தடித்த சுவர், காற்றுப் புகாத கட்டுமானம், வழக்கமான ஹீட்டிங் உலையே கிடையாது. ஆனால் காற்றுப் புகாத வீட்டில் மனிதர் மூச்சு என்ன ஆவது? அந்தச் சங்கடத்துக்கு விடையாகத்தான் காற்றுக்குக் காற்று வெப்பம் மாற்றும் பெட்டி வைத்தார்கள். சஸ்காட்செவன் பல்கலைக்கழகப் பொறியியலாளர் ராபர்ட் பெசன்ட்டின் குழு அந்நாளில் செய்த பெட்டிகள் பிளைவுட்டும் பிளாஸ்டிக் ஷீட்டுமாக இருந்தன. தச்சுப் பட்டறையில் செய்துவிடலாம். பெரிய நிறுவனங்கள் பிறகுதான் வந்தன.

1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கிரானிக்‌ஷ்டைன் பகுதியில் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் முன்னின்று கட்டிய நான்கு வரிசை வீடுகளில் ஆட்கள் குடியேறினார்கள். மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் ‘பாசிவ் ஹவுஸ்’ என்று இன்று சொல்லப்படுவதன் முதல் வீடுகள் அவை. அங்கே இந்தப் பெட்டி சமையலறை அடுப்பைப் போலக் கட்டாயச் சாமானாகிவிட்டது. டொரான்டோ பக்கம் புது வீடு வாங்கிய நம் சொந்தக்காரர்களைக் கேட்டால் தெரியும். பேஸ்மென்டில் ஒரு பெட்டி ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். காண்டோ என்கிற அடுக்குமாடி வீடு என்றால் சீலிங்கிலோ துணிதுவைக்கும் அலமாரிக்கு மேலேயோ. சொந்தக்காரர்கள் அதைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபில்டரை மாற்ற மறந்துவிட்டோம்.

இதற்கிடையில் ஜப்பானில் வேறொரு பிறவி நடந்தது. கிஃபு மாகாணத்து நகட்சுகவாவில் மிட்சுபிஷி எலக்ட்ரிக்கின் ஆலை காற்றோட்டி ஃபேன்கள் செய்துகொண்டிருந்தது. ஏசி பரவப் பரவ, அந்த ஃபேன் நல்ல காற்றோடு குளிர்ச்சியையும் வெளியே தள்ளுகிறது என்ற பிரச்சினை வந்தது. 1970-ல் அங்கிருந்த பொறியாளர் மசதகா யோஷினோ கண்ட வழி, உலோகமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை, காகிதம். அட்டைப்பெட்டியின் நெளித்தாள் மாதிரி ஒரு தாள், அதன் மேல் ஒரு தட்டைத் தாள், அடுத்த நெளித்தாள் குறுக்குத் திசையில் என்று அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டி கிடைக்கும். ஒரு முகத்தில் அறைக்காற்று நுழைந்து வெளியேறும். பக்கத்து முகத்தில் புதுக்காற்று நுழைந்து உள்ளே போகும். இரண்டும் கலக்காது, நடுவில் தாள் இருக்கிறது. ஆனால் பதப்படுத்திய அந்தத் தாள் சூட்டைக் கடத்துவதோடு நீராவியையும் உறிஞ்சி மறுபக்கம் விட்டுவிடும். சுற்றுகிற பாகம் இல்லை, கசிவுச் சங்கடம் மிகக் குறைவு. ‘லாஸ்னே’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஜப்பான் 2003 ஜூலையில் கட்டிடச் சட்டத்தைத் திருத்தி, புதிதாகக் கட்டும் எல்லா வீட்டிலும் மணிக்கு அறைக்காற்றில் பாதியளவு மாறும்படி இயந்திரக் காற்றோட்டம் வேண்டும் என்றது. பிளைவுட்டிலும் பெயின்ட்டிலும் இருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைடால் புது வீட்டுக்காரர்கள் நோயாளிகளானதுதான் காரணம். வெப்பம் திரும்பப் பிடிக்கச் சொல்லி அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் காகிதப் பெட்டிக்கு அது நல்ல காலம்.

சக்கரத்துக்கும் ஒரு கட்டிட வாரிசு உண்டு. தேன்கூட்டு அலுமினியத்தில் ஈரம் உறிஞ்சும் மருந்து பூசி மெல்லச் சுழற்றுவது. குருகிராமில் பஹ்வா குழுமத்தின் டிஆர்ஐ நிறுவனம் அதைச் செய்கிறது. நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி, ஐடி அலுவலகம், ஓட்டல் போன்றவற்றின் மொட்டைமாடியில் உள்ள பெரிய ஏசி யூனிட்டுகளுக்குள் இத்தகைய சக்கரம் சுற்றலாம். 2017-ன் தேசிய எரிசக்திச் சிக்கனக் கட்டிட விதிகள், வெளிக்காற்றை மிக அதிகமாக எடுக்கும் பெரிய ஏசி அமைப்புள்ள ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும், போகிற காற்றிலிருந்து குறைந்தது 50 சதவீதம் மீட்க வேண்டும் என்றே சொல்கின்றன. அடுக்குமாடி வீட்டுக்கு மட்டும் சக்கரம் அவ்வளவு பொருந்தாது. அனல் மின் நிலையத்தில் பார்த்த அதே கசிவு இங்கே பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனையாக வந்து நிற்கும். அதனால்தான் வீட்டுக்குக் காகிதம்.

ஆனால் இந்தப் பொருள் நம் வெயிலுக்கு வந்ததும் அதன் தொழிலே மாறிவிடுகிறது. விற்பனையாளர்கள் நீட்டும் ஐரோப்பியக் கேட்டலாக்கில் இது இருக்காது.

மே மாதக் கடைசி, கும்மிடிப்பூண்டி. வெளியே 35 டிகிரி, கடற்காற்று இறங்கியிருக்கிறது, ஒரு கிலோ காற்றில் 21 கிராம் நீராவி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஏசி 26 டிகிரியில் ஓடுகிறது, கிலோவுக்கு 11, 12 கிராம். நான்கு பேர் குடும்பத்துக்கு மணிக்கு 100 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். அந்தக் காற்றை 9 டிகிரி குளிர்விக்க வேண்டும்; அதிலிருந்து மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரையும் பிழிந்தெடுக்க வேண்டும். ஏசியின் ஹோஸில் சொட்டி நாம் பக்கெட் வைத்துப் பிடிக்கிறோமே, அந்தத் தண்ணீர்தான். கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தப் புதுக்காற்றால் ஏசிக்கு விழும் மொத்தச் சுமையில் சூட்டின் பங்கு நாலில் ஒன்றுதான், மூன்று பங்கு ஈரம். இந்த இடத்தில் சூட்டை மட்டும் பிடிக்கிற அலுமினியத் தட்டுப் பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ வைத்தால், அதன் மேல் 90 சதவீதத் திறன் என்று எழுதியிருந்தாலும், நமக்குக் கிடைப்பது அந்த நாலில் ஒரு பங்கின் 90 சதவீதம்தான். ஸ்வீடனில் சிறந்த பெட்டி இங்கே சோப்ளாங்கி. ஈரத்தையும் கடத்துகிற காகிதப் பெட்டி மொத்தச் சுமையில் பாதிக்கு மேல் தாங்கிக்கொள்ளும். குளிர்நாட்டில் வெப்பத்தைக் காத்த பொருள் நம் கடற்கரையில் வறட்சியைக் காக்க வேண்டியிருக்கிறது. இங்கே காசு கொடுத்து நாம் வாங்குவது உலர்ந்த காற்றை.

சரி, மின்சாரம் எவ்வளவு மிச்சம்? மேலே சொன்ன 100 கன மீட்டருக்கான குளிர்ச்சிச் சுமை ஏறத்தாழ ஒரு கிலோவாட். அதில் 60 சதவீதம் மீட்டால், ஏசியின் மின்செலவில் 180 வாட் அளவுக்குக் குறையும். பெட்டியின் இரண்டு ஃபேன்கள் 50, 60 வாட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 120, 130 வாட். வெளிச்சூடு குறைந்திருக்கும் இரவில் அது 100 வாட்டுக்கு இறங்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்கூட முழுசாய்த் தேறாது. ரெஜைனாவிலோ இரவும் பகலும் மாதக்கணக்கில் 30, 40 டிகிரி வித்தியாசத்தோடு போராடும் பெட்டி அது. அங்கே அது தன் விலையைச் சம்பாதித்துவிடும். இங்கே கரன்ட் பில்லைக் காட்டி இந்தப் பெட்டியை விற்க வருபவரை நம்ப வேண்டாம். இன்னொன்றும் உண்டு: ஜன்னல் மூடிய அறையில் புதுக்காற்றே எடுக்காமல் ஏசி ஓட்டுபவருக்கு மிச்சம் என்ற பேச்சே கிடையாது, பெட்டி வைத்தால் செலவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

பிறகு எதற்கு? மூச்சுக்கு.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளியே தொங்கும் யூனிட்டுக்கும் உள்ளே இருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் ஓடுவது செம்புக் குழாயும் ஒயரும் மட்டும். இதைத் தெரியாதவர்கள் இன்றும் ஏராளம். 2020-ல் கொரோனா வந்தபோது இந்தியக் குளிர்சாதனப் பொறியாளர்கள் சங்கமான இஷ்ரே, ஏசி ஓடும்போதும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், புதுக்காற்று வரட்டும் என்று வழிகாட்டுதல் எழுத வேண்டி வந்தது. பத்துக்குப் பத்து படுக்கையறையில் கதவு, ஜன்னல் சாத்தி இரண்டு பேர் தூங்கினால் கார்பன் டை ஆக்சைடு, வெளியே இருக்கும் 420 பிபிஎம் என்ற அளவிலிருந்து விடிவதற்குள் 2,000-ஐ எளிதாகத் தாண்டும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் காலையில் தலை கனத்து எழுவதற்குத் தூக்கம் போதாததை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

ஜன்னலைத் திறக்கலாமே என்றால், சிப்காட்டைச் சுற்றி இருக்கிறவர்கள் ஏன் திறப்பதில்லை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உலைப் புகை, தேசிய நெடுஞ்சாலையின் லாரிப் புழுதி, மீஞ்சூர்ப் பக்கமென்றால் நிலக்கரித் தூளும் சாம்பலும், மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டியிலேயே தெரியும். பிஎம் 2.5 என்ற நுண்துகளுக்கு இந்தியா 24 மணி நேரச் சராசரியாக அனுமதிப்பது கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. புதுக்காற்று என்று நாம் இழுப்பது புதியதுதானா என்ற கேள்வி ஸ்வீடன்காரருக்கு இல்லை, நமக்கு உண்டு. இந்த ஊரில் பெட்டியின் உண்மையான பயன் அதன் ஃபில்டரில் இருக்கிறது. வெளிக்காற்று ஒரே வழியில், ஒரே ஃபேனால், நல்ல நுண்துகள் ஃபில்டர் வழியாக மட்டும் வந்தால், அறைக்குள் தூசி குறைவதோடு கார்பன் டை ஆக்சைடும் குறையும். ஏர் ப்யூரிஃபையர் வாங்கி வைத்தால் தூசி குறையும். கார்பன் டை ஆக்சைடு அப்படியே நிற்கும். அதே சமயம், சாதாரண ஃபில்டர் துகளைத்தான் நிறுத்தும். கந்தக டை ஆக்சைடு போன்ற வாயுக்களை அது விட்டுவிடும். அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும், அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆலையின் புகைபோக்கியில் செய்ய வேண்டிய வேலையைப் படுக்கையறை ஜன்னலில் செய்து முடிக்க எந்தப் பெட்டியாலும் முடியாது.

பொருளின் பயணத்தில் கடைசி நிறுத்தம் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கவரைப்பேட்டை பக்கம் பெருவாயலில், மஹிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் சேர்ந்து நடத்தும் ‘ஆரிஜின்ஸ்’ தொழிற்பூங்கா. 52 ஏக்கரில், 1,891 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை கட்ட மிட்சுபிஷி எலக்ட்ரிக் 2023 மே மாதம் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. காகிதக் கட்டியைக் கண்டுபிடித்த அதே நிறுவனம். ஆனால் பெருவாயலுக்கு அறிவிக்கப்பட்டவை அறை ஏசியும் கம்ப்ரசரும். காற்று மாற்றும் பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை. ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டியில் டைக்கின், புளூ ஸ்டார் ஆலைகள், அங்கும் ஏசி. இதற்காக அந்த நிறுவனங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தை கேட்பதைச் செய்கிறார்கள். நம் சந்தை குளிர்ச்சியைக் கேட்கிறது, காற்றைக் கேட்கவில்லை.

விதிகளும் கேட்கவில்லை. ஏசியில் நட்சத்திரம் ஒட்டுகிற அதே மத்திய அமைப்பு 2018-ல் வீடுகளுக்காக ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பைத் தந்தது. நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதியில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் திறக்கக்கூடிய ஜன்னல், கதவு வேண்டும் என்கிறது அது. நியாயமான விதி. டிசம்பரிலும் ஜனவரியிலும் அந்த ஜன்னல்தான் சிறந்த காற்றோட்ட இயந்திரம், செலவும் இல்லை. ஆனால் ஜன்னல் இருப்பதும் ஜன்னல் திறப்பதும் ஒன்றல்ல. கும்மிடிப்பூண்டியிலும் மணலியிலும் மீஞ்சூரிலும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி போடும் எட்டு, பத்து மணி நேரத்துக்கு அந்த விதியில் பதில் இல்லை. ஓட்டல் அறைக்கும் ஆஸ்பத்திரி அறைக்கும் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஆலையோரத்து வீட்டுக்கு எழுதுவது கடினமில்லை.

என் தீர்ப்பு இது. திருவள்ளூர் நகரத்திலோ ஊத்துக்கோட்டை பக்கமோ, ஆலைப்புகை படாத இடத்தில் வீடு இருந்தால் இந்தப் பெட்டி வேண்டாம். ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும். ஆலையை ஒட்டிய குடியிருப்பில், அதிலும் ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டில், படுக்கையறைக்கு மட்டும் ஒரு சிறிய காகிதப் பெட்டி வைப்பது செலவுக்குத் தகுந்த காரியம். வைக்கும்போது ஐரோப்பியப் படத்தை அப்படியே ஒட்டக் கூடாது. அங்கே குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் பழைய காற்றை எடுத்துப் பெட்டிக்கு அனுப்புவார்கள். நம் குளியலறை எப்போதும் ஈரமாக இருக்கும். அந்தக் காற்றைப் பெட்டியில் விட்டால் அதன் ஈரம் தாள் வழியாகப் படுக்கையறைக்கே திரும்பிவிடும். தாளிப்புப் புகையின் எண்ணெய் தாளில் படிந்தால் பெட்டி அதோடு முடிந்தது. குளியலறைக்கும் சமையலறைக்கும் தனி எக்ஸாஸ்ட் இருக்கட்டும். பெட்டிக்கு ஏசி அறையின் உலர்ந்த காற்றையே கொடுங்கள். ஏசி ஓடாத நாளில் வெப்பம் மாற்றாமல் காற்றை மட்டும் விடும் பைபாஸ் உள்ள மாடலாகப் பாருங்கள். தாளைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஃபில்டரைக் குளிர்நாட்டார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் இங்கே மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இப்போது கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வீடு பதிந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியை இன்றே வாங்க வேண்டாம். பெயின்ட் அடிப்பதற்கு முன் பில்டரிடம் சொல்லி, படுக்கையறையின் வெளிச்சுவரில், பீமைத் தொடாத இடத்தில், நாலங்குலக் குழாய் போகும்படி இரண்டு துளை கோர் கட்டிங் போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றடியாவது இடைவெளி இருக்கட்டும், ஐப்பசி மழை உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும், குளியலறை டக்ட்டுக்கும் ஜெனரேட்டர் புகைக்கும் தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். கட்டும்போது இது சில ஆயிரம் ரூபாய் வேலை. குடிபோன பிறகு டைல்ஸை உடைத்து, அசோசியேஷனில் அனுமதி கேட்டு, பக்கத்து வீட்டாரைச் சமாதானப்படுத்திச் செய்ய வேண்டிய வேலை.